ரோஜாவுக்குள்ளேயே இருக்கும் பழமும் கிராம்பும்

கம்பத்தில் வீடு, குமுளியில் வங்கி வேலை, தினமும் பஸ்ஸில் மலை ஏறி இறங்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "அண்ணா, துபாயிலிருந்து வந்த எங்கள் அக்கா வீட்டுக்காரர் ஒரு ரோஜா சென்ட் கொடுத்தார். பெட்டியில் ரோஜா, லிச்சி, ராஸ்பெர்ரி, இளஞ்சிவப்பு மிளகு, கிராம்பு, பச்சோலி என்று போட்டிருக்கிறது. கம்பத்தில் வீட்டில் அடித்தால் ஜாம் வாசனையாகத் தித்திக்கிறது, தலை கனக்கிறது. குமுளியில் இறங்கினால் அதே சென்ட் அவ்வளவு அழகாக இருக்கிறது. ஆபீஸில் ஒருத்தர் மிளகு வாசனை என்கிறார், இன்னொருத்தர் சோப்பு வாசனை என்கிறார். நல்ல ரோஜாவில் எதற்கு இவ்வளவு பழத்தையும் மசாலாவையும் கொட்டுகிறார்கள்? இதை எப்படித்தான் போட்டுக்கொள்வது?"

தங்கச்சி, கொட்டவில்லை. ரோஜாவுக்குள் ஏற்கெனவே இருக்கிற பழத்தையும் மசாலாவையும் சற்று உரக்கப் பேச வைத்திருக்கிறார்கள். இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் உங்கள் மற்றக் கேள்விகளுக்கும் பாதி விடை கிடைத்துவிடும். நான் எர்ணாகுளம் பக்கம் மசாலா எண்ணெய் எடுக்கும் ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவன். மிளகு, ஏலம், கிராம்பு எண்ணெய்களை முகர்ந்து தரம் சொல்வதுதான் தொழில். சென்ட் மேல் ஆசை அங்கேதான் பிடித்தது. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

முதலில் ரோஜா எண்ணெய். பல்கேரியாவில் கசான்லக் பள்ளத்தாக்கிலும் துருக்கியில் இஸ்பார்ட்டாவிலும் வடிக்கிற எண்ணெயில் அளவில் பெரியது சிட்ரோனெல்லோல். அடுத்து ஜெரானியோல், நெரோல். இவை மூன்றும் சேர்ந்தால் 'ரோஜா' என்று மூக்கு சொல்லும், ஆனால் அது தட்டையான ரோஜாவாக இருக்கும். 1970-இல் சுவிட்சர்லாந்தின் ஃபிர்மெனிக் நிறுவனத்து வேதியியலாளர்கள் பல்கேரிய ரோஜா எண்ணெயிலிருந்து டமாசினோன் என்ற பொருளைப் பிரித்தெடுத்ததை வெளியிட்டார்கள். எண்ணெயில் அதன் அளவு 0.14 சதவீதம் அளவுக்குத்தான். சிட்ரோனெல்லோலோ 38 சதவீதம். ஆனால் ஒவ்வொரு பொருளும் எவ்வளவு குறைந்த அளவில் மூக்குக்கு எட்டுகிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ரோஜா எண்ணெயின் மணத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் அந்த 0.14 சதவீதத்தின் வேலை. தண்ணீரில் ஒரு லட்சம் கோடிப் பங்கில் 2 பங்கு இருந்தாலே மனித மூக்கு டமாசினோனைக் கண்டுகொள்ளும்.

டமாசினோன் எப்படி மணக்கும்? வேகவைத்த ஆப்பிள், கனிந்த பிளம்ஸ், கொஞ்சம் தேயிலை, கொஞ்சம் புகையிலை. அதாவது பழம். அது ஆப்பிளிலும் ராஸ்பெர்ரியிலும் திராட்சையிலும் கறுப்புத் தேயிலையிலும் உண்டு. வண்டிப்பெரியாரில் தேயிலை ஆலையைத் தாண்டும்போது ஒரு கனிந்த வாசனை வரும் இல்லையா, அதிலும் இதற்குப் பங்கு இருக்கிறது. ரோஜா எண்ணெயில் இன்னொன்று ரோஸ் ஆக்சைடு. துளி அளவில் இருந்து, பூவுக்கு அந்தப் பச்சையான, கூர்மையான புத்துணர்ச்சியைக் கொடுப்பது அதுதான். லிச்சிப் பழத்தை லிச்சியாக மணக்க வைப்பதும் அதே ரோஸ் ஆக்சைடு. உங்கள் பெட்டியில் லிச்சி என்று எழுதியிருப்பது அதனால்தான். லிச்சியைப் பிழிந்து யாரும் எண்ணெய் எடுப்பதில்லை, எடுக்கவும் வராது. பெரும்பாலான பழங்கள் அப்படித்தான். பீச், ராஸ்பெர்ரி, பிளம்ஸ் எல்லாம் ஆய்வுக்கூடத்தில் செய்த பொருட்களை வைத்துக் கட்டுகிற வாசனைகள். விதிவிலக்காகக் கறுப்புத் திராட்சை வத்தல் என்று நாம் நினைத்துக்கொள்கிற 'காசிஸ்' (பிளாக்கரன்ட்) இருக்கிறது. அதன் மொட்டிலிருந்து இயற்கையான சாறு எடுக்கிறார்கள். ஆனால் அது திராட்சை இனமே இல்லை, வேறு ஒரு குளிர்நாட்டுச் செடி.

மசாலாவும் இதே கதைதான். கிராம்பு எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கு யூஜினோல். ரோஜா எண்ணெயிலும் அந்த யூஜினோல் சிறிய அளவில் இருக்கிறது. நல்ல பன்னீர் ரோஜாவை மாலை வரை கூடையில் வைத்திருந்து முகர்ந்தால் ஒரு காரமான சூடு தெரியுமே, அது இதனால்தான். ஏலக்காயில் முக்கியமானவை யூகலிப்டஸ் வாசனை தரும் சினியோலும் டெர்பினைல் அசிடேட்டும். கூடவே லினலோலும், கொஞ்சம் ஜெரானியோலும் உண்டு. ஆக ஏலக்காய் ரோஜாவுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். நம் வீட்டுப் பாயசத்தில் ஏலக்காய்க்கும் பன்னீருக்கும் சண்டை வராததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இதைப் படித்து நம்புவதைவிட முகர்ந்து பார்ப்பது மேல். நீங்கள் இருக்கிற ஊருக்கு அந்தக் கொடுப்பினை உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சீலையம்பட்டிப் பூ மார்க்கெட்டிலிருந்து பன்னீர் ரோஜா ஒரு கைப்பிடி வாங்குங்கள். பட்டன் ரோஜா, கலர் ரோஜா வேண்டாம். அவை பார்வைக்குத்தான், மணம் கிடையாது. வீட்டுக்கு வரும் வழியில் ஒரு கொத்து பன்னீர் திராட்சை. வீட்டில் ஏலக்காய், கிராம்பு, மிளகு இருக்கும்.

திராட்சையின் தோலை மட்டும் உரித்து விரலால் நசுக்கி முகருங்கள். கம்பம் பன்னீர் திராட்சை உலகம் 'மஸ்கட் ஹாம்பர்க்' என்று அழைக்கும் ரகம். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதேதான். மஸ்கட் ரகத் திராட்சைகளின் மணத்துக்குக் காரணம் லினலோல், ஜெரானியோல், நெரோல். ரோஜா எண்ணெயில் பார்த்த அதே பெயர்கள். அவை அதிகம் தங்குவது தோலில். பெரும்பகுதி சர்க்கரையோடு பிணைந்து கிடக்கும், நசுக்கினாலும் மென்றாலும் கொஞ்சம் கொஞ்சமாக விடுபடும். இப்போது ரோஜா இதழை அதே விரலால் நசுக்கி முகருங்கள். பிறகு கிராம்பின் தலையை நகத்தால் கீறி, இதழோடு சேர்த்து முகருங்கள். எது பூ, எது பழம், எது மசாலா என்று பிரிக்கிற கோடு எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே சந்தேகம் வரும். உங்கள் சென்ட்டைச் செய்தவர் வேலை பார்த்தது அந்தக் கோட்டில்தான்.

மிளகைப் பற்றி ஒரு வார்த்தை. மிளகின் காரம் பைப்பரினால் வருவது. பைப்பரின் ஆவியாகாது, அதனால் வடித்த மிளகு எண்ணெயில் காரமே இருக்காது. இருப்பது மரம், எலுமிச்சைத் தோல், உலர்ந்த மண் கலந்த ஒரு மணம். உங்கள் பெட்டியில் இருப்பதோ இளஞ்சிவப்பு மிளகு. அதற்கும் நம் வண்டன்மேட்டு மிளகுக் கொடிக்கும் உறவே கிடையாது. அது தென் அமெரிக்க மரம், மாவும் முந்திரியும் சேர்ந்த குடும்பம். மிளகை விட இலேசானது, கொஞ்சம் பழச்சாயலும் உண்டு. ரோஜாவின் முன்வாசலில் நிற்க வைக்க அதைவிட நல்ல பொருள் கிடைக்காது என்பதால்தான் கடந்த இருபது ஆண்டுகளில் வந்த ரோஜா சென்ட்கள் பலவற்றில் அது தலைகாட்டுகிறது.

சரி, போட்டுக்கொள்ளும்போது என்ன நடக்கிறது என்று வருவோம்.

முதல் பத்து நிமிடம் லிச்சியும் இளஞ்சிவப்பு மிளகும். இவை இலேசான பொருட்கள், சீக்கிரம் பறந்துவிடும். கூடவே ஆல்கஹாலின் நெடியும் இருக்கும். அதனால் அடித்த உடனே மூக்கைக் கொண்டுபோய் மணிக்கட்டில் வைக்காதீர்கள். பத்து நிமிடம் கழிந்தால் ரோஜாவும் ராஸ்பெர்ரியும் ஒன்றாக மேலே வரும். இந்த ஒரு மணி நேரம்தான் இந்த வகை சென்ட்டின் உயிர். பூ முழுசாக விரிந்து, பழம் அதற்கு நிறம் கொடுத்து, கிராம்பு அடியில் மெல்லச் சுடும். கிராம்பு ரோஜாவைவிட மெதுவாக ஆவியாகும். அதனால் ரோஜா தளரத் தளர மசாலா கூடுவது போலத் தெரியும். சாயங்காலம் உங்கள் கையில் மிஞ்சுவது பச்சோலி என்கிற இலையின் எண்ணெயும் கஸ்தூரி மாதிரியான பொருட்களும். பச்சோலி மகா பிடிவாதம். காகிதத்தில் ஒரு சொட்டு விட்டால் வாரக்கணக்கில் இருக்கும். ஈர மண்ணும் பழைய மரப்பெட்டியும் கலந்த மணம் அது. ரோஜாவும் பச்சோலியும் சேரும்போது ரோஜாவுக்கு ஒரு இருட்டு நிறம் வருகிறது. எனக்கு இந்த வகையில் மிகப் பிடித்தது அந்த இரண்டாம் மணி நேரத்தின் முடிவு: ரோஜா இன்னும் போகவில்லை, பச்சோலி இன்னும் முழுசாக வரவில்லை.

இனி கம்பமும் குமுளியும். இரண்டுக்கும் இடையில் இருப்பது 20 கிலோமீட்டர் சொச்சம், ஆனால் உயரத்தில் ஏறக்குறைய 500 மீட்டர் வித்தியாசம். கீழே பள்ளத்தாக்கின் வெயில், மேலே மூடுபனி. சென்ட்டில் இருக்கிற பொருட்கள் ஆவியாகும் வேகம், சூடு பத்து டிகிரி கூடினால் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். வெயிலில் உங்கள் தோலும் துணியும் சூடாகும்போது இலேசான பொருட்கள் நொடியில் ஓடிவிடும். மெதுவாக வரவேண்டிய பழமும் கிராம்பும் பச்சோலியும் முண்டியடித்து ஒரே நேரத்தில் வந்துவிடும். பந்தியில் பாயசத்தையும் ரசத்தையும் ஒரே நேரத்தில் இலையில் ஊற்றினால் எப்படியோ அப்படி. பொருட்களில் குற்றமில்லை, வரிசைதான் கெட்டுவிட்டது. அதிலும் டமாசினோன் போன்ற பொருள் கொஞ்சம் கூடினாலும் மூக்கை நிறைத்துவிடும். உங்களுக்கு ஜாம் வாசனையும் தலைக்கனமும் வருவது அதனால். குமுளிக் குளிரில் ஒவ்வொன்றும் தன் முறைக்குக் காத்திருந்து வருகிறது. செய்தவர் நினைத்த சென்ட்டை நீங்கள் முகர்வது அங்கேதான். இந்தச் சென்ட்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டு இலையுதிர் காலத்தை மனதில் வைத்துச் செய்தவை.

ஆபீஸில் இருவர் இரண்டு விதமாகச் சொன்னதற்கும் காரணம் உண்டு, இருவரும் பொய் சொல்லவில்லை. மூக்கு ஆளுக்கு ஆள் பிறப்பிலேயே மாறும். மிளகுக்கு அதன் மிளகு மணத்தைக் கொடுக்கும் ரோட்டன்டோன் என்ற பொருளை 2008-இல் ஆஸ்திரேலிய ஒயின் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டபோது, அவர்கள் சோதித்தவர்களில் ஐந்தில் ஒரு பங்கினருக்கு அது அதிக அளவிலும் தெரியவே இல்லை. ராஸ்பெர்ரியிலும் ரோஜாவிலும் இருக்கும் பீட்டா அயனோனும் அப்படித்தான். ஒரு மரபணுவின் வேறுபாட்டால் சிலருக்கு அது மலராகவும் சிலருக்குப் புளித்த நெடியாகவும் தெரிகிறது. சோப்பு என்று சொன்னவர் விஷயம் வேறு. ரோஜாவின் இன்னொரு முக்கியப் பொருளான ஃபீனைல் எத்தில் ஆல்கஹால் காரத்தன்மையில் கெடாது. அதனால் சோப்பு செய்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாக அதைப் பயன்படுத்திவிட்டார்கள். குளியலறையில் வளர்ந்த நினைவு அவருக்கு முதலில் வருகிறது. நம் பக்கத்தில் இன்னும் சிலருக்கு ரோஜா என்றாலே கல்யாண வீட்டுப் பன்னீர் சொம்பு, சிலருக்கு ரோஸ்மில்க், சிலருக்குத் துக்க வீட்டு மாலை. இந்த நினைவுகளை யாரும் அழிக்க முடியாது. ரோஜா சென்ட் போடுகிறவர் அடுத்தவரின் அந்த நினைவுகளுக்கும் நடுவில்தான் நடமாடுகிறார்.

போடும் முறை. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். வீட்டில் அடித்துக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். லோயர் கேம்ப் தாண்டினால் கொண்டை ஊசி வளைவுகள். ஜன்னலோரம் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிற அம்மாக்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். மலைப்பாதையில் குமட்டல் வருகிறவர்களுக்குத் தித்திப்பான சென்ட் வாசனைதான் முதல் எதிரி. ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் நெருக்கியடித்துப் போகிற பெண்களுக்கும் இது பொருந்தும். மழை என்று கண்ணாடியை ஏற்றிவிட்டால் ஓடவும் வழியில்லை. ஐந்து மில்லி பிடிக்கிற சின்ன ஸ்பிரே குப்பி ஒன்று வாங்கி அதில் ஊற்றிக் கைப்பையில் வையுங்கள். குமுளியில் இறங்கி, ஆபீஸ் போவதற்கு முன்னால் ஒரு தடவை அடித்துக்கொள்ளுங்கள். மேலே குளிர் இருப்பதால் வாசனைக்கும் அதுதான் நல்லது.

எங்கே அடிப்பது? கழுத்தும் மணிக்கட்டும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இந்த வகைக்கு நான் முழங்கை மடிப்பையும், சுடிதாருக்கோ சேலைக்கோ உள்ளே வயிற்றுப் பக்கத்தையும் சொல்வேன். உடம்புச் சூட்டில் துணிக்குள்ளிருந்து மெல்ல மேலே வரும். உங்கள் மூக்குக்குக் கீழேயே இருந்து மணிக்கணக்கில் உங்களைத் தாக்காது. ஒரு தடவை போதும். ஒரு மணி நேரத்தில் வாசனை போய்விட்டதே என்று தோன்றும். போகவில்லை, உங்கள் மூக்கு பழகிவிட்டது. மேலும் கஸ்தூரிப் பொருட்களில் சில பெரிய மூலக்கூறுகள் பலருக்குத் தெரியவே தெரியாது. மதியம் மறுபடி அடிக்க வேண்டும் என்று தோன்றினால், பக்கத்து மேசையில் இருப்பவரைக் கேட்டுவிட்டு அடியுங்கள்.

இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துத் தேய்த்தால் மூலக்கூறு உடைந்துவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. உடையாது. தேய்க்கிற சூட்டில் லிச்சியும் மிளகும் சீக்கிரம் ஓடிவிடும், அவ்வளவுதான். ஆனால் உங்கள் சென்ட்டில் அழகே அந்த முதல் பத்து நிமிடத்தில் தொடங்குகிறது, அதனால் தேய்க்காமல் விடுங்கள். பட்டுச் சேலையில் நேரடியாக அடிக்காதீர்கள், கறை விழும்.

தேங்காய் எண்ணெய் வைத்துத் தலை வாருகிறவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். தேங்காயின் மணத்துக்குக் காரணம் லாக்டோன் என்ற வகைப் பொருட்கள். பீச் பழத்தின் மணமும் அதே வகை. பழச்சாயலுள்ள ரோஜாவோடு தேங்காய் எண்ணெய் சேரும்போது பழம் இன்னும் தித்திப்பாகத் தெரியும். கம்பத்தில் உங்களுக்கு ஜாம் ஆவதில் அதற்கும் பங்கு இருக்கலாம். தலைக்கு எண்ணெய் வைத்த நாளில் சென்ட்டைக் கழுத்துக்குக் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள். மல்லிகை வைத்தால்? ரோஜாவும் மல்லிகையும் உலகின் பழைய ஜோடி. 1930-இல் பாரிஸில் ழான் பத்தூ வெளியிட்ட 'ஜாய்' முழுக்க இந்த இரண்டின் மேல் கட்டியது. சேரும், நன்றாகவே சேரும். ஆனால் தலையில் உயிருள்ள மல்லிகை இருக்கும்போது ரோஜா சென்ட் பாதி அளவு போதும். உயிருள்ள பூவோடு போட்டி போட்டு ஜெயிக்கும் சென்ட் எதையும் நான் முகர்ந்ததில்லை. சந்தனம் எப்போதும் நல்ல துணை. உத்தரப்பிரதேசத்துக் கன்னோஜில் மரபாக ரோஜா அத்தர் வடிப்பதே சந்தன எண்ணெயின் மேல்தான். செம்புப் பானையில் பூவும் தண்ணீரும் வைத்து, களிமண்ணால் மூடி, மூங்கில் குழாய் வழியாக ஆவியைச் சந்தன எண்ணெய் இருக்கிற பாத்திரத்துக்குக் கொண்டுபோவார்கள். தேக்–பப்கா என்று அந்த முறைக்குப் பெயர், இன்றும் நடக்கிறது.

அத்தர் என்றதும் சொல்ல வேண்டும்: ரோஜா பெண்களுக்கு மட்டும் என்று நினைக்கிறவர்கள் வெள்ளிக்கிழமை மதியம் கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ பள்ளிவாசல் பக்கம் போனால் போதும். குலாப் அத்தரைக் காதுமடலில் தொட்டுக்கொண்டு வரும் பெரியவர்களைப் பார்க்கலாம். உங்கள் வீட்டுக்காரரும் இந்த சென்ட்டைத் தாராளமாகப் போடலாம். கிராம்பும் பச்சோலியும் ஆண்களின் தோலில் இன்னும் எடுப்பாக இருக்கும் என்பது என் எண்ணம். கடையில் நூறு ரூபாய்க்கு விற்கும் ரோஜா அத்தரில் உண்மையான ரோஜா எண்ணெய் இருக்க வழியில்லை. ஒரு கிலோ எண்ணெய்க்கு 3,500 முதல் 4,000 கிலோ வரை பூ வேண்டும், அதுவும் வெயில் ஏறுவதற்குள் கையால் பறித்த பூ. ஆனால் அதற்காக அந்த அத்தரைப் பழிக்க மாட்டேன். ஆய்வுக்கூடத்தில் செய்த ஜெரானியோலும் பூவிலிருந்து வந்த ஜெரானியோலும் ஒன்றேதான். குறை எங்கே என்றால், மலிவான அத்தரில் அந்த 0.14 சதவீதத்தைப் போல ஆழம் தரும் பொருட்களை விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் அது தட்டையாக மணக்கிறது.

இந்த வகை உங்களுக்குப் பிடித்துவிட்டால், இதன் பரம்பரையைத் தெரிந்துகொள்ளுங்கள். 1979-இல் கெர்லான் வெளியிட்ட 'நஹெமா'வில் ழான்-போல் கெர்லான் டமாசினோன் குடும்பத்துப் பொருட்களை அதுவரை யாரும் துணியாத அளவுக்குப் பயன்படுத்தினார். பழுத்து வெடிக்கிற மாதிரியான ரோஜா அது. அன்று விற்பனையில் தோற்றது. பின்னால் வந்த ரோஜா சென்ட்கள் எல்லாம் அதற்குக் கடன்பட்டவை. 1990-இல் வந்த கரோன் நிறுவனத்தின் 'பர்ஃபாம் சாக்ரே' மிளகும் ஏலமும் சேர்ந்த ரோஜா. நம் ஊர்க்காரர்களுக்கு உடனே சொந்தமாகத் தோன்றும், குமுளி மசாலாக் கடைக்குள் யாரோ ரோஜா மாலை கொண்டுவந்ததுபோல் ஒரு நெருக்கம். 2010-இல் டொமினிக் ரோபியோன் செய்த 'போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி'யில் ரோஜாவும் ராஸ்பெர்ரியும் கிராம்பும் பச்சோலியும் சாம்பிராணியும் இருக்கின்றன. உங்கள் பெட்டியில் எழுதியிருக்கிற பட்டியல் பெரும்பாலும் இந்த சென்ட்டின் வழியில் வந்தது. அரபு நாட்டுக் கடைகளில் இதன் சாயலில் எத்தனையோ கிடைக்கும். 2017-இல் வந்த 'டெலினா' லிச்சியை முன்னால் வைத்தது. எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே சுத்தம், கிராம்பின் இருட்டு இல்லாமல் ரோஜா முழுமையாவதில்லை. இவை எல்லாம் விலை கூடியவை. வாங்கச் சொல்லவில்லை. கொச்சியிலோ சென்னையிலோ பெரிய கடைக்குப் போக நேர்ந்தால் கேட்டுத் தோலில் அடித்துப் பாருங்கள். காகிதப் பட்டையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காகிதத்துக்கு உடம்புச் சூடு கிடையாது.

தோல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. யூஜினோல், ஜெரானியோல், சிட்ரோனெல்லோல் மூன்றும் சிலருக்கு ஒவ்வாமை தரக்கூடியவை. ஐரோப்பாவில் இவற்றை லேபிளில் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்றே சட்டம் இருக்கிறது. முழங்கை மடிப்பில் ஒரு தடவை அடித்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ தோலில் வேண்டாம், பருத்தித் துணியின் உள்மடிப்பில் மட்டும் அடியுங்கள். தலைவலி எந்த ஊரில் அடித்தாலும் வருகிறது என்றால் இந்த சென்ட் உங்களுக்கு ஆகாது, அக்காவுக்கே கொடுத்துவிடலாம். ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சிக்கல் கம்பத்து வெயிலில் மட்டும்தான்.

குப்பியைப் பெட்டியோடு வையுங்கள். மேற்கு வெயில் படுகிற சுவரோரம் இருக்கும் இரும்பு பீரோவில் வைக்காதீர்கள், மதியத்தில் அதன் உள்ளே இருக்கும் சூட்டில் முதலில் சாவது லிச்சிதான். மர அலமாரியின் கீழ்த்தட்டு போதும். சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் கம்பத்தில் இருக்கிற நாளில் இதைத் தொடாமல், பன்னீரைக் குளிரக் குளிர முகத்தில் தெளித்துக்கொள்ளுங்கள். பன்னீரில் இருப்பது பெரும்பாலும் அந்த ஃபீனைல் எத்தில் ஆல்கஹால்தான், வடிக்கும்போது அது தண்ணீரோடு தங்கிவிடும். தித்திப்பும் கிராம்பும் இல்லாத இலேசான ரோஜா அது, வெயிலுக்கு ஏற்றது. ஆனி பிறந்து மலையிலிருந்து காற்று இறங்கத் தொடங்கியதும் கம்பத்திலேயே இந்த சென்ட்டை ஒரு தடவை அடித்துப் பாருங்கள், குமுளியில் தெரிகிற அதே ரோஜா வீட்டிலும் தெரியும்.